ஓய்வுக்குப் பிறகு போக்குவரத்து: பலர் கோட்டை விடும் இடங்கள்

வேலையில் இருக்கும்வரை நம் பயணத்தை அலுவலகமே நடத்திவிடுகிறது. எத்தனை மணிக்கு, எந்த பஸ்ஸில், எங்கே என்று யோசிக்க வேண்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகு எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி பிறகுதான் வருகிறது. அதற்கு முன்பே, கவனிக்காமல் விட்ட காகிதமும் தப்பான இடத்தில் வாங்கிய வீடும் பலரை முடக்கிவிடுகின்றன.

முதலில் லைசென்ஸ். 2019 திருத்தச் சட்டப்படி, 50 வயதுக்கு மேல் 55-க்குள் புதுப்பித்தால் 60 வயது வரைதான் செல்லும். தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயதும் 60. பிரிவுபசார மாலை, பென்ஷன் ஃபைல் என்று அலையும் அதே நாட்களில் லைசென்ஸ் சத்தமில்லாமல் காலாவதியாகியிருக்கும். அப்படியே ஓராண்டு தாண்டிவிட்டால், காலமெல்லாம் வண்டி ஓட்டியவரும் மறுபடி எட்டு போட்டுக் காட்ட வேண்டியதுதான். நடுவில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிக்க நாமே காரணம் கொடுத்ததாகிவிடும். முடிவதற்கு ஓராண்டு முன்பே 'சாரதி' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 55-க்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகத்தான் கிடைக்கும்.

இதற்குப் படிவம் 1ஏ மருத்துவச் சான்று வேண்டும். தெரிந்த டாக்டரிடம் கண்ணைக் காட்டாமலே கையெழுத்து வாங்கிவிடுவது நம் ஊர் வழக்கம். அது வேண்டாம். புரை ஆரம்பித்த கண்ணில் பகலில் பெரிய குறை எதுவும் தெரியாது. இரவில் எதிரே வரும் ஹெட்லைட் சிதறிக் கண்ணை மறைக்கும். சான்றைச் சாக்கிட்டாவது கண்ணைச் சோதித்துக்கொள்ளலாம்.

அடுத்தது வீடு. செட்டில்மென்ட் பணத்தில் புறநகரில் வாங்கும்போது, "மெயின் ரோடு ரெண்டு கிலோமீட்டர்தான், ஸ்கூட்டர்ல அஞ்சு நிமிஷம்" என்பார்கள். 61 வயதில் அது சரி. வண்டியை விட வேண்டிய வயதில் அந்த ரெண்டு கிலோமீட்டரை எப்படிக் கடப்பது? அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு நாள் மத்தியானம் பஸ்ஸில் போய் இறங்கி, ஸ்டாப்பிலிருந்து அந்த வீடுவரை நடந்து பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஷேர் ஆட்டோ ஓடுகிறதா என்றும் விசாரியுங்கள். என்னைக் கேட்டால், வாஸ்துவைவிட இது முக்கியம்.

ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. ஆனால் கீழ்ப் படுக்கைக்கான கோட்டா இருக்கிறது: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ பதிவு செய்தால்தான் அது பொருந்தும். மகன், மருமகள், பேரன் எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் கோட்டா போச்சு. தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட் போட்டால் பெட்டி மாறலாம். அப்பர் பெர்த்தில் ஏறுவதற்கு அது தேவலை.

வழியில் கழிப்பறை இருக்காது என்று தண்ணீர் குடிக்காமல் கிளம்புவதும், நீர் மாத்திரையைத் தாமாகவே தள்ளிப்போடுவதும் ஆபத்து. உடம்பில் தண்ணீர் குறைந்தால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரலாம். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

சென்னையில் 60 தாண்டியவர்களுக்கு மாநகர பஸ்ஸில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு, ஏசி பஸ் நீங்கலாக. கௌரவம் பார்த்து வாங்காமல் விடுகிறவர்கள் நிறைய. வாங்கியவர்களும் பழக்கதோஷத்தில் காலை ஒன்பது மணிக்கே கிளம்பி, அலுவலகக் கூட்டத்தோடு படியில் இடிபடுகிறார்கள். பதினோரு மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்கும்.