சங்கத்துக்கு ஆள் சேர்க்க: படிவத்துக்கு முன்னாடி எஸ்ஆர் (பணிப்பதிவேடு)
நம்ம ஆசிரியர் சங்கத்துல புது டீச்சர சேர்க்கணும்னா மொதல்ல சந்தா ரசீத நீட்டாதீங்க, ஸ்கூல் விட்டதும் நேர்ல போய் "டீச்சர், எஸ்ஆர்ல எல்லாம் பதிவாயிருக்கா, பத்து வருஷ சர்வீஸுக்கு வர்ற தேர்வுநிலை சம்பள ஆர்டர் வந்துருச்சா"ன்னு கேளுங்க, சொல்றத நோட்டுல எழுதிக்கிட்டு அடுத்த வாரம் பதிலோட போங்க.

காரைக்குடி டவுன்ல பரவால்ல, கல்லல், சாக்கோட்டை பக்கம் ரெண்டே டீச்சர் இருக்குற தொடக்கப்பள்ளின்னா ஆபீஸ் வேலைக்கு கிளாஸ விட்டுட்டு பஸ் ஏறணும், அதனால விட்டுப்போன ஒரு இன்கிரிமென்ட் பதிவ நாம முடிச்சுக் கொடுத்தாலே படிவத்த அவங்களே கேட்டு வாங்குவாங்க, வாட்ஸ்அப்ல எத்தன மெசேஜ் போட்டாலும் இது நடக்காது. 2003 ஏப்ரல் 1லேர்ந்து வேலைக்கு வந்தவங்கன்னா சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) கணக்குத்தாள்ல ஆரம்பிங்க, அவங்களுக்கு அதுதான் பெரிய கவல.

வேற சங்கத்துல இருக்குறவங்களுக்கு உதவி மட்டும் பண்ணுங்க, படிவம் வேணாம். பேப்பர் திருத்துற நேரத்துல யார்கிட்டயும் போகாதீங்க.