டர்பனிலிருந்து யெல்லோநைஃபுக்கு: மைனஸ் 40-இல் காரைக் கிளப்ப

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் என்றால் கடற்கரை வெயில். அதே மாதம் கனடாவின் யெல்லோநைஃபில் பகல் சுமார் 5 மணி நேரம்தான். குளிர் மைனஸ் 40 வரைகூட இறங்கும். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் முதலில் காரைக் கவனியுங்கள்.

எஞ்சினில் பிளாக் ஹீட்டர், அதாவது எஞ்சினைச் சூடாக்கும் மின் ஹீட்டர், கட்டாயம் வேண்டும். மைனஸ் 20-க்குக் கீழே போனால், கிளப்புவதற்கு 3, 4 மணி நேரம் முன்பே அதை மின் பிளக்கில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஆயில் கெட்டிப்படும். குளிரில் பலமிழந்த பேட்டரியால் எஞ்சினைச் சுழற்ற முடியாது. ஊரிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் கொண்டுபோக வேண்டாம்: அங்கே 120 வோல்ட், பிளக்கும் பொருந்தாது. சாதாரண வயரின் உறை விறைத்துப்போய், வளைத்ததும் விரிசல் விட்டுவிடும். குளிர் தாங்கும் வயரை அங்கேயே வாங்குங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கேபிளில் ஈரம் உறைந்து பிடித்துக்கொள்ளும்.

அடுத்து உடை: உள்ளே பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளி உள்ளாடைதான் சரி.