மொறிஸ் மைனர் கறள் வேலை: பெயின்றுக்கு முன்னே கதவடிச் சில்லைப் பாருங்கள்

பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் கராஜுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பேசுவது பெயின்றைப் பற்றித்தான். நான் பார்ப்பது கதவுக்குக் கீழே நெடுக ஓடுகிற இரும்புச் சட்டத்தை, அதாவது சில்லை (sill). 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட இந்த வண்டிக்குத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பொடியே பாரத்தைத் தாங்குகிறது. சில் உக்கினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டியென்றால் இன்னும் கவனம் தேவை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், மழையில்லாத நாளிலும் கறள் பிடித்துக்கொண்டே போகும்.

அதனால் முதல் வேலை கழுவுவது. அடிப்பக்கம் முழுவதும் குழாய்த் தண்ணீரைப் பீச்சிக் கழுவிக் காயவிடுங்கள். கிணறு உவராக இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

அடுத்தது சோதனை. துணி சுற்றிய காந்தத்தைச் சில் நெடுக நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் கறளை மறைக்கப் பூசிய பட்டி (putty) இருக்கிறது. பின் வில் (ஸ்பிறிங்) தொங்கும் இடங்களையும், ஜக் வைக்கிற குறுக்குச் சட்டத்தையும், தரையின் ஓரங்களையும் ஸ்குரூட்றைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் சோக்கால் வட்டம் போடுங்கள்.

இனி வருவதில் அவசரம் கூடாது. வண்டியை உறுதியான இடங்களில் ஸ்ராண்ட் வைத்து மட்டமாக நிறுத்துங்கள். கதவைச் சாத்தி, சுற்றியுள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு கதவைக் கழற்றி, முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே கோண இரும்பை வெல்ட் பண்ணுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடியும்வரை மற்றப் பக்கத்தில் கைவைக்க வேண்டாம். இந்தத் தாங்கல் இல்லாமல் சில்லை வெட்டினால் வாசல் சுருங்கும், அப்புறம் கதவு சரியாகச் சாத்தாது.

வெட்டும்போது பளபளப்பான நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். வெல்டிங்குக்கு முன் பற்றறியைக் கழற்றி, பெற்றோல் ராங்கியை வண்டியிலிருந்தே இறக்கி வையுங்கள். ராங்கியை வெறுமையாக்கினால் மட்டும் போதாது, உள்ளே நிற்கும் ஆவிதான் ஆபத்து. வெல்டிங்கைப் பழகிய கையிடம் விடுவது நல்லது. வெட்டிய இடத்தில் ஒட்டும் 1.2 மில்லிமீற்றர் தகடு சூட்டில் நெளியும், ஆகவே இடைவிட்டுப் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொண்டு போகவேண்டும்.

ஒட்டிய இரும்பை இரவு முழுக்க வெறுமனே விடாதீர்கள். அன்றே சிங்க் பிறைமர் அடியுங்கள். பெயின்ற் காய்ந்தபின் சில்லின் உட்குழிக்குள் மெழுகு பீச்சுங்கள், நீர் வடியும் துளைகளை மட்டும் திறந்தே விடுங்கள். பெயின்ற் வேலையை மாரிக்கு முன் முடித்துவிடுவது சரி. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் காற்று காய்ந்திருக்கும், ஆனால் புழுதி வரும், கதவடைத்த கொட்டகை வேண்டும்.

வண்டி ஓடத் தொடங்கியபின் முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் மூட்டுகளான ட்ரனியன்களுக்கு 1000 மைலுக்கு ஒருமுறை, பழைய கிறீஸ் வெளியே தள்ளப்படும்வரை கிறீஸ் அடியுங்கள். கீழ் ட்ரனியன் தேய்ந்து கழன்றால் சக்கரம் ஓட்டத்திலேயே மடிந்துவிடும்.