தேசியக் கொடியை வைத்து ஒரு கலைப்படைப்பு செய்வது எப்படி

கொடியைக் கையில் எடுக்கும் படைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. கொடியே போதுமான அளவு சத்தமாகப் பேசும் பொருள், அதன் மேல் நாலு கோஷம் எழுதி, முள்வேலி சுற்றி, சிவப்பு மையையும் ஊற்றிவிட்டால் பார்ப்பவர் "சரி, புரிந்தது" என்று அடுத்த சுவருக்குப் போய்விடுவார். அதனால் என் முதல் யோசனை: ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள், மற்றதையெல்லாம் அப்படியே விடுங்கள்.

எதை மாற்றுவது? ஒரு கொடியை நாம் அடையாளம் காண்பது வடிவத்தாலும் நிறத்தாலும்தான். இரண்டையும் மாற்றினால் மிஞ்சுவது வெறும் கோடு போட்ட துணி. ஒன்றை விட்டுவைத்தால்தான் பார்ப்பவரின் கண் ஒரு நொடி தடுமாறும், நமக்கு வேண்டியதும் அந்தத் தடுமாற்றம்தான். அமெரிக்கக் கலைஞர் டேவிட் ஹாமன்ஸ் 1990இல் அமெரிக்கக் கொடியின் நட்சத்திரம், பட்டை எதையும் தொடவில்லை. நிறங்களை மட்டும் கறுப்பின விடுதலை இயக்கக் கொடியின் சிவப்பு, கறுப்பு, பச்சையாக மாற்றினார், அவ்வளவுதான். கியூபாவின் வில்ஃப்ரெடோ ப்ரியெட்டோ 2001இல் பல நாட்டுக் கொடிகளிலிருந்தும் வண்ணத்தை எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளை சாம்பலில் தைத்து வரிசையாகக் கம்பத்தில் பறக்கவிட்டார். இதை நீங்களே கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாம். நெட்டுப்பட்டை மூவர்ணக் கொடிகள் நாலைந்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், எது எந்த நாடு என்று சொல்லத் திணறுவீர்கள்.

இதற்கு முன் ஒரு சின்ன வேலை: நீங்கள் எடுக்கும் கொடியின் அதிகாரபூர்வ நீள அகல விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவுடையது 3:2, பிரிட்டனுடையது 2:1, சுவிட்சர்லாந்துடையது சதுரம், நேபாளத்துடையது செவ்வகமே இல்லை. விகிதம் தவறினால் நீங்கள் வேண்டுமென்றே செய்த மாற்றம்கூடக் கவனக்குறைவு மாதிரித் தெரியும்.

அப்புறம் பொருள். என்னைக் கேட்டால் நிறத்தைவிட இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1954–55இல் செய்த 'கொடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவும் ஹவாயும் மாநிலங்களாகச் சேர்வதற்கு முந்தைய, 48 நட்சத்திர அமெரிக்கக் கொடி அது. தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணக் கொடிதான், கிட்டே போனால் உருகிய மெழுகில் வண்ணம் கலந்து பூசிய என்காஸ்டிக் அடுக்கும், அதற்கு அடியில் செய்தித்தாள் துண்டுகளும் தெரியும். மெழுகு சட்டென்று இறுகிவிடுவதால் தூரிகை பட்ட ஒவ்வொரு இடமும் தனித்தனியாக நிற்கிறது. கொடியா, கொடியின் ஓவியமா என்ற கேள்வியை ஒரு எழுத்துகூட எழுதாமல் எழுப்பிவிடுகிறார்.

துணியிலேயே வேலை செய்வதென்றால் பூசுவதைவிடப் பிரிப்பது வலுவானது. அமெரிக்கக் கலைஞர் சோன்யா கிளார்க் 2015இல் கான்ஃபெடரேட் போர்க்கொடியை (அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கொடி; அது தேசியக் கொடி இல்லைதான், ஆனால் பாடம் ஒன்றே) பார்வையாளர்களைப் பக்கத்தில் நிற்கவைத்து நூல் நூலாகப் பிரித்தார். ஒரு மணி நேரம் பிரித்தும் கொஞ்சம்தான் பிரியும், அந்த மெதுவான வேகம்தான் அந்தப் படைப்பே. ஜப்பானின் யானகி யுகினோரி 1990இல் இன்னும் ஒரு படி மேலே போய், வேலையையே எறும்புகளிடம் கொடுத்துவிட்டார்: வண்ண மணலால் கொடிகளைப் பெட்டிகளில் நிரப்பி, பெட்டிகளைக் குழாயால் இணைத்து எறும்புகளை விட, அவை சுரங்கம் தோண்டி ஒரு நாட்டு மணலை இன்னொரு நாட்டுக்குச் சுமந்துபோய்க் கோடுகளைக் கலைத்துவிட்டன. உங்களிடமும் இப்படி ஒரு செயல்முறை இருந்தால், அதை ஓடவிட்டுவிட்டு நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

பார்வையாளரை உள்ளே இழுப்பது கடைசி வழி, ஆபத்தானதும்கூட. சிகாகோவில் 1989இல் ட்ரெட் ஸ்காட் என்ற கலைஞர் சுவரில் ஒரு படத்தையும், அதன் கீழே கருத்து எழுத ஒரு நோட்டையும், நோட்டுக்கு முன்னால் தரையில் ஒரு அமெரிக்கக் கொடியையும் வைத்தார். எழுதப் போகிறவர் கொடியை மிதிப்பாரா, எட்டி நின்று சிரமப்பட்டு எழுதுவாரா என்பது அவரவர் முடிவு. அதிபர் வரைக்கும் கண்டித்தார், வாசலில் போராட்டம் நடந்தது.

எனவே சட்டத்தைப் படிக்காமல் ஆரம்பிக்காதீர்கள். அமெரிக்காவில் கொடியை எரிப்பதையே கருத்துரிமை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் 5–4 என்ற கணக்கில் சொன்னது. இந்தியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடத்தில் கொடியை எரிப்பது, மிதிப்பது, அதன் மேல் எழுதுவதற்கெல்லாம் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் நாட்டு விதி எதுவோ, அதை கேலரிக்காரரோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். உண்மையான கொடியையே பயன்படுத்தியாக வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மணல், மெழுகு, காகிதம் என்று போனால் கலையும் கூடும், தலைவலியும் குறையும்.

தலைப்பைச் சுருக்கமாக வையுங்கள், ஜான்ஸ் வெறுமனே 'கொடி' என்றுதான் வைத்தார். பக்கத்து அட்டையில் பொருள், அளவு, ஆண்டு போதும். விளக்கம் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றினால் படைப்பில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.