அக்ராவுக்கு வருகிறீர்களா? ‘இன்வைட்’ என்ற சொல்லை யோசித்துச் சொல்லுங்கள்

அடுத்த மாதம் ஊரிலிருந்து இரண்டு பேர், கானாவின் தலைநகர் அக்ராவில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் ஃபோனில் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். கானாவுக்குத் தனியாக வேலைக்கு வரும் 25, 30 வயதுக்காரர்களுக்கு இது.

அரசாங்க விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். மஞ்சள் காய்ச்சல் ஊசியைச் சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அக்ரா விமான நிலையத்தில் முழிக்காதீர்கள், பாஸ்போர்ட்டோடு வையுங்கள். ரெசிடென்ஸ் பெர்மிட், வெளிநாட்டவருக்கான கானா கார்டு இரண்டையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும். வந்ததும் மோமோ போட்டுவிடுங்கள். தின்கிற மோமோ இல்லை, மொபைல் மணி. நம்ம ஜிபே மாதிரிதான், ஆனால் வங்கிக் கணக்கே வேண்டாம், பணம் ஃபோன் நம்பரில் கிடக்கும். வீட்டுக்கு ஒரு வருஷ, இரண்டு வருஷ வாடகையை மொத்தமாக முன்பணம் கேட்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று 1963-லேயே சட்டம் இருக்கிறது. அதைச் சொன்னேன், வீட்டுக்காரர் சிரித்தார். சம்பளம் பேசும்போதே அந்தத் தொகையைக் கம்பெனி தலையில் கட்டிவிடுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலோடு நிறுத்தாமல் அன்றைக்கே மலேரியா டெஸ்ட் எடுங்கள். அவ்வளவுதான்.

இனி இதை எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள். பக்கத்து மேசைக்காரன் வாச்சே பொட்டலத்தைப் பிரித்தான். வாச்சே என்றால் அரிசியும் காராமணியும் சேர்த்து, சோள இலை போட்டுச் செம்பழுப்பாக வேகவைத்த சோறு. இலையில்தான் மடித்துத் தருவார்கள். பிரித்தபோது வந்த சூடான இலை வாசனையில் ஒரு நிமிஷம் நான் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டேன். அவன் என்னைப் பார்த்து, “யூ ஆர் இன்வைட்டட்” என்றான். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பாதியைத் தின்றுவிட்டேன்.

அது நம்ம ஊரில் திண்ணையில் சாப்பிடுகிறவர் வழியே போகிறவரைப் பார்த்து “வாங்க, சாப்பிடலாம்” என்பது போன்றது என்று பிறகுதான் தெரிந்தது. “தேங்க் யூ” என்று சொல்லி நகர வேண்டும். வெட்கப்பட்டேன். அப்போது ஒரு முடிவுக்கும் வந்தேன்: இந்த ஊரில் ‘இன்வைட்’ என்பது சும்மா வாய்வார்த்தை.

அந்த முடிவுதான் என் பர்ஸைக் காலி செய்தது.

இரண்டு மாதம் கழித்து, அலுவலக வாட்ஸாப் குழுவில் பெருமையாக ஒரு செய்தி போட்டேன்: சனிக்கிழமை ராத்திரி ஓசுவில் திலாப்பியா மீன் சாப்பிடலாம், ஐ ஆம் இன்வைட்டிங் யூ ஆல். (ஓசு, அக்ராவில் ஒரு பகுதி.) என் மனதில் இருந்தது நம்ம ஊர்க் கணக்கு. பிறந்தநாள், பதவி உயர்வு என்றால் ட்ரீட், ஒருவர் கொடுப்பார். சும்மா சனிக்கிழமை என்றால் பில்லை ஆட்களால் வகுத்து ஜிபேயில் தட்டிவிடுவோம்.

ஐந்து பேரைக் கூப்பிட்டேன். ஏழு மணி என்றேன், எட்டேகாலுக்கு வந்தார்கள். (இந்த நாட்டின் நேரம் ஜி.எம்.டி., அதாவது கிரீன்விச் நேரம். அதை ‘கானா மேன் டைம்’ என்று அவர்களே விரித்துச் சொல்லிச் சிரிப்பார்கள்.) ஒருவன் தம்பியோடு வந்தான். ஒருத்தி தன் தோழியைக் கூட்டி வந்தாள், அந்தத் தோழி தன் அண்ணனை. என்னையும் என் அறைத்தோழன் மதுரைக்காரனையும் சேர்த்தால் பத்துப் பேர்.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் மேசைக்கே தண்ணீரும் சோப்பும் கிண்ணமும் வரும், கை கழுவ. கையால் சாப்பிடுவதிலும், இடது கையை நீட்டாமல் இருப்பதிலும் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அன்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பக்கவாட்டில் கீறி, இஞ்சியும் மிளகாயும் தேய்த்துத் தணலில் சுட்ட முழு மீன், மேலே வெங்காயமும் தக்காளியும் வட்டம் வட்டமாக. புளித்த மக்காச்சோள மாவும் மரவள்ளியும் சேர்த்துக் கிளறிய பாங்கு, உருண்டை உருண்டையாக. உள்பக்கம் கோடு கோடாகக் கீறிய மண்சட்டியில் அப்போதே அரைத்த மிளகாய். மீன் பெரிதானால் விலையும் பெரிது. அன்று எல்லோரும் பெரிய மீனாகத்தான் சொன்னார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

பில் வந்தது. 2,140 செடி (கானா நாட்டுப் பணம்). பத்துப் பேர் இருந்த மேசையில் ஒருவர் கூட அந்தக் காகிதத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. “ஆளுக்கு 214” என்றேன், கணக்கை எல்லோருக்கும் முன்னாலேயே போட்டுவிட்ட சந்தோஷத்தில்.

பேச்சு நின்றுவிட்டது. தோழியின் அண்ணன் தன் ஃபோனைத் துழாவ ஆரம்பித்தார். பக்கத்து மேசைக்காரன் மட்டும் குனிந்து, மெதுவாக, “சாலே, யூ இன்வைட்டட் அஸ்” என்றான். (‘சாலே’ என்றால் நண்பா, மச்சான். இந்தி தெரிந்தவர்கள் சண்டைக்குப் போய்விட வேண்டாம்.) என் மோமோவில் இருந்தது 600. மதுரைக்காரனிடம் 350. அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அங்கே விடிகாலை மூன்றரை மணி. கடைசியில் சீனியர் ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி மோமோ போடச் சொல்லிக் கட்டினேன். அன்றிலிருந்து மதுரைக்காரன் அந்த இடத்தை ஓசு என்று சொல்வதில்லை, ஓசி என்றுதான் சொல்கிறான்.

எனக்குக் கோபம் ஒரு வாரம் இருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் பக்கத்து மேசைக்காரன் என்னை லபாடி கடற்கரைக்குக் கூப்பிட்டான், அதே ‘இன்வைட்’ சொல்லி. பில் வந்ததும் ரோஷமாக என் பங்கை எடுத்து நீட்டினேன். அவன் முகம் சுண்டிப் போனது. “என்னால் முடியாது என்று நினைத்தாயா?” என்று கேட்டான். போகவர டாக்ஸிக்குக் கூட அவனே கொடுத்தான். அவன் சம்பளம் என் சம்பளத்தில் பாதிகூட இருக்காது.

ஆகவே வருகிறவர்களுக்குச் சொல்வது இது. சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு முன்னால் வரும் ‘இன்வைட்’டுக்கு நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். வெளியே போகிற திட்டத்தில் வரும் ‘இன்வைட்’ என்றால், சொன்னவர்தான் கட்டுவார், அவரவர் கூட்டி வருகிறவர்களுக்கும் சேர்த்து. பங்கு போட நினைத்தால் முதலிலேயே, வாட்ஸாப்பிலேயே, ஆளுக்கு அவரவர் காசு என்று எழுதிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பில் வந்த பிறகு சொன்னால்தான் கஞ்சன்.

காசு விஷயத்தில் இவர்கள் கணக்கே வைப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை துக்க வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம், பந்தல், ஒரு மேசை. பணத்தைக் கொடுத்தால் பெயர் எழுதி ரசீது தருவார்கள், மைக்கில் தொகையோடு அறிவிப்பார்கள். நம்ம மொய் நோட்டேதான். என்ன, கல்யாணத்துக்குப் பதில் சாவு. முதல்முறை மைக்கில் என் பெயரைத் தப்பும் தவறுமாகக் கேட்டபோது, சித்தப்பா கல்யாணத்தில் மொய் எழுதிய பாண்டியன் மாமா ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று. யாராவது “ஐ ஆம் கமிங்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனால் குழம்பாதீர்கள். “போயிட்டு வரேன்” என்கிறார்கள். நமக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியப்போகிறது?

கருவாடு கொண்டுவர வேண்டாம், மக்கோலா மார்க்கெட்டில் நம்ம நெத்திலியைக் காய வைத்து ‘கேட்டா ஸ்கூல் பாய்ஸ்’ என்று விற்கிறார்கள். பெருங்காயமும் அப்பளமும் மட்டும் எடுத்து வாருங்கள். வந்த முதல் சனிக்கிழமை ஓசுவில் சாப்பிடலாம். ஆளுக்கு அவரவர் காசு.