வேனைக் கேரவன் ஆக்கும்போது கோட்டைவிடும் எடைக் கணக்கு

கரூர், நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. பழைய வேனைக் கொண்டுபோய் விட்டால் கட்டில், சிங்க், தண்ணீர் டேங்க் என்று கேட்டபடி செய்து தருவார்கள். "இத்தனையும் தாங்குமுங்களா?" என்று கேட்டால், "பன்னெண்டு பேர் போற வண்டிங்க, தாராளமா தாங்கும்" என்பார்கள். முதல் தவறு இதை நம்புவதுதான். எத்தனை சீட் என்பது எடைக் கணக்கு ஆகாது.

ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று, ஆளும் சரக்கும் இல்லாத வெற்று வண்டியின் எடை. இன்னொன்று மொத்த எடை. இந்த இரண்டாவதை "இவ்வளவு ஏற்றலாம்" என்று படிப்பவர்கள் ஏராளம். அது வண்டியும் ஆளும் டீசலும் தண்ணீரும் சாமானும் எல்லாம் சேர்ந்த உச்சவரம்பு. 3,500 கிலோ மொத்த எடை, 2,400 வெற்று எடை என்றால் நம் கையில் இருப்பது 1,100 தான். 18 மி.மீ. பிளைவுட் ஒரு முழு ஷீட்டே 30 கிலோவுக்கு மேல் வரும். 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ. இன்வெர்ட்டர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். மரவேலை முடிந்தபின் ஆர்.சி.யில் உள்ள பழைய வெற்று எடையை வைத்துக் கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை. பாடியை மாற்ற ஆர்.டி.ஓ. ஒப்புதலும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும் என்பது தனி விஷயம். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்சூரன்ஸ் கேட்கும் நாளில்தான் முழிப்பார்கள்.

கதவுத் தூணிலோ பானெட்டுக்கு உள்ளேயோ ஒரு தகடு இருக்கும். பல வண்டிகளில் அதில் மொத்த எடைக்குக் கீழே முன் அச்சு, பின் அச்சு வரம்புகள் தனித்தனியே இருக்கும். இதை யாரும் பார்ப்பதே இல்லை. டேங்க்கைப் பின் அச்சுக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்தால், அதன் எடையைவிடக் கூடுதலான பாரம் பின் அச்சில் விழும். முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இறங்கும்போது பிரேக்கும் சேர்ந்து சூடேறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. "பின்னாடி ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்த்துட்டா போச்சு" என்பார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் டயரும் பழையவைதானே!

டயரில் அளவு மட்டும் பொருந்தினால் போதாது. பக்கவாட்டில் பாரம் தாங்கும் குறியீட்டு எண் 106/104 என்று இருந்தால், அச்சின் ஒரு பக்கத்துக்கு ஒற்றையாகப் போடும்போது ஒரு டயர் 950 கிலோவும், இரட்டையாகப் போடும்போது 900 கிலோவும் தாங்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று 95 போட்ட கார் டயரை மாட்டினால் அது 690 கிலோதான். பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம் உள்ள பின் அச்சில் டயர்கள் தாங்கும் பாரம் 1,900 கிலோவிலிருந்து 1,380 ஆகிவிடும். காற்றும் உரிய அளவு இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

கேஸ் சிலிண்டர் வைப்பதானால் அதன் வளையப் பட்டையில் எழுதிய ஏ, பி, சி, டி எழுத்தையும் ஆண்டையும் பாருங்கள். அடுத்த சோதனைக்கான காலாண்டு அது. டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

அப்புறம், டேங்க் நிறைய, ஆட்கள் உட்கார்ந்தபடி எடை மேடைக்கு விடுங்கள். முழு வண்டியை ஒருமுறை, முன்சக்கரம் மட்டும் ஏற்றி ஒருமுறை, பின்சக்கரம் மட்டும் ஏற்றி ஒருமுறை. மூன்று எடைச் சீட்டுகளையும் தகட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின் அச்சு மட்டும் மீறினால் டேங்க்கை இரண்டு அச்சுக்கும் நடுவே நகர்த்தச் சொல்லலாம். மொத்த எடையே மீறினால் எதையாவது கழற்றித்தான் ஆக வேண்டும்.