கோர்ஸ் எழுதறதுக்கு முன்னாடி ஃபேக்டரில ஒரு ராத்திரி நில்லுங்க

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பசங்களுக்கு தொழில் கோர்ஸ் ஆரம்பிக்கணும், எங்கிருந்து தொடங்கறதுன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், சிலபஸ ஓரமா வெச்சுட்டு ஒரு தேயிலை ஃபேக்டரில ராத்திரி ஷிப்ட் நின்னு பாருங்க. பகல்ல போனீங்கன்னா டீ குடுத்து சுத்திக் காட்டி அனுப்பிடுவாங்க, பறிச்ச கொழுந்து சாயங்காலமா வந்து மணிக்கணக்கா வாடி அப்புறம்தானே மெஷினுக்கே போகும்.

வேலைப் பேர மட்டும் நம்பாதீங்க. நான் போன எடத்துல சம்பள லிஸ்ட்ல ரெண்டு பேருமே "ஹெல்பர்". ஒருத்தர் மூட்டை தூக்குறாரு. இன்னொருத்தர் வாடல் தொட்டில, அதாவது ஃபேன் காத்து விட்டு இலைய வாட்டற தொட்டில இருந்து ஒரு கை இலை எடுத்து உருண்டையா அமுக்கி விரல விரிக்கிறாரு, இலை விரிஞ்சுடுச்சுன்னா இன்னும் வாடணும், உருண்டையாவே நின்னா மெஷினுக்கு அனுப்பலாம். எப்படிண்ணா தெரியும்னு கேட்டேன், "கை சொல்லும்"னுட்டாரு. அதோட விட்டா கோர்ஸ் காலி. கேள்விய மாத்தி, புதுப் பையன் மொத வாரம் என்ன தப்பு பண்ணுவான்னு கேளுங்க, அரை மணி நேரம் நிக்காம பேசுவாரு.

கேட்டத ஒரு வேலைக்கு ஒரு வரியா எழுதுங்க, வினைச்சொல் கண்டிப்பா வேணும். "வாடல்"னு எழுதக்கூடாது, "இலைய அமுக்கிப் பாத்து ஃபேன நிறுத்தறதா வேணாமான்னு முடிவு பண்றது"ன்னு எழுதணும். பக்கத்துலயே எத்தன தடவ செய்றாங்க, தப்பானா எவ்வளவு நஷ்டம், கத்துக்க எத்தன நாள்னு குறிச்சுக்கங்க. ஒரே நாள்ல வர்ற வேலைக்கு கோர்ஸ் எதுக்கு? இத அஞ்சாறு தொழிலாளிங்கள உக்கார வெச்சு சரிபார்க்கணும், டேக்கம்னு இந்த முறைக்குப் பேரு, ஆனா சூப்பர்வைசர் ரூம்ல இருந்தா ஒருத்தரும் வாய தொறக்க மாட்டாங்க, அனுபவத்துல சொல்றேன்.

ஒவ்வொரு வேலைக்கும் அரசாங்க தொழில் வகைப்பாட்டுல இருக்குற கோட் நம்பர கடைசில போடுங்க. நம்ம நாட்டு தொழில் வகைப்பாடு 2015ல வந்தது, ஐஎஸ்சிஓ-08ங்கிற சர்வதேச தொழில் வகைப்பாடுதான் அதுக்கு அடிப்படை, மொத இலக்கமே பாதி கதைய சொல்லிடும்: 9 அடிப்படை வேலை, 8 மெஷின் ஓட்டறவங்க, 7 கைத்திறன். மூட்டை தூக்குற அண்ணன் 9, இலைய காய வைக்கிற டிரையர் மெஷின பாக்குறவரு 8160, டீ குடிச்சு தரம் சொல்றவரு 7515. இலைய நசுக்கி, கிழிச்சு, சுருட்டுற சிடிசி மெஷினோட ரோலர் பல்லு மழுங்கினா தீட்டறவரு ஃபேக்டரிக்குள்ள இருந்தாலும் 72ல உலோக வேலைக்காரங்க கூடதான் வருவாரு, அதாவது அவருக்குப் பாடம் டீ கிளாஸ்ல இல்ல, லேத் பக்கத்துல.

உறைபனி விழுற மாசம் இன்னொரு நடை போங்க. கொழுந்து கொறஞ்சு டிரையர் அண்ணன் பிக்கப் ஓட்டப் போயிருந்தா அதையும் அவர் வரிசையிலயே எழுதிக்கங்க.